மாவுக் கை

“உனக்கு ஏதாவது வேணுமா?”

“ஒண்ணும் வேணாம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. டிக்கில்ல புதுப் பேரீச்சம்பழம் வந்திருக்காம்.”

“வேணாம்னு சொல்றேன்ல.”

“கல்யாணமாகி ஏழு வருஷமா கேக்குறேன் மொமினா. ஒரு தடவயாவது உன் வாயால ‘எனக்கு இது வேணும்’னு கேட்டுட்டுத்தான் நான் சாவேன், பாரு.”

“காலங்காத்தால என்ன பேச்சு இது. கிளம்புங்க.”

கமில் சிரித்தான். வாசலில் நின்றபடி வலக்கையை நீட்டினான். சந்திக்கும்போது போலவே பிரியும்போதும் ஒருவர் கையை ஒருவர் பற்றி, அதை உதட்டில் ஒற்றிக்கொண்டால்தான் அவர்களுடைய அஃபார் இனத்தில் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அன்று மொமினாவின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை ரொட்டி மாவில் கிடந்தன.

“மாவுக் கை” என்று தூக்கிக் காட்டினாள்.

“சரி, வந்து வாங்கிக்கறேன்.”

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை.

இன்று புதன்கிழமை. அதே வண்டியில், அதே சாலையில் மொமினா போய்க்கொண்டிருந்தாள். ஓட்டியது கமிலின் தம்பி ஹூமத். ஜிபூத்தி நகரத்தின் விளிம்பில் இருக்கும் பல்பலாவை விட்டுக் கிளம்பும்போது இருட்டு பிரியவில்லை. இப்போது வெயில் ஏறி, கிராண்ட் பாரா வெளி கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடந்தது. ஒரு காலத்தில் அது ஏரியாக இருந்ததாம். இப்போது வெடித்த களிமண். வெயில் சூடு பிடித்ததும் தொலைவில் தண்ணீர் தெரியும். கிட்டே போனால் விலகும். அந்த ஊர்க்காரர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மொமினா பார்த்தாள்.

“என்ன அண்ணி?”

“ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாத்து ஓட்டு.”

“ரோட்டுல பாக்க என்ன இருக்கு? வளைவே இல்ல. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்.”

“மூடாதே.”

ஹூமத் சிரிக்க முயன்றான். வாய் மட்டும் கோணியது. இருபத்தாறு வயதுப் பையன். அண்ணன் இருந்தபோது பேச்சை நிறுத்தத் தெரியாதவன். இப்போது அவன் பேசுவதெல்லாம் பயத்தில் பேசுவது.

மொமினாவுக்குப் பயமும் இல்லை. அதுதான் அவளுக்கே புரியாத விஷயம். மூன்று வருஷமாக அவளுக்கு எதுவும் வரவில்லை. அழுகை, கோபம், பசி எல்லாமே எங்கோ பக்கத்து வீட்டில் நடப்பது போல் இருந்தது. சமைத்தாள், துணி துவைத்தாள், மகள் ஆஸ்யாவுக்குத் தலை பின்னிவிட்டாள். ஒருநாள் ஆஸ்யா அவள் கையை நறுக்கென்று கிள்ளிப் பார்த்தாள். “வலிக்குதாம்மா?” என்று கேட்டாள். “வலிக்குது” என்றாள் மொமினா. அது பொய்.

பொய் சொல்வது அதற்கு முன்பே அவளுக்குப் பழகியிருந்தது.

அஃபார் மக்களில் இரண்டு பேர் எங்கே எதிர்ப்பட்டாலும் நிற்பார்கள். வேகாத வெயிலானாலும், தலைபோகிற அவசரமானாலும் கைபற்றி, குந்தி உட்கார்ந்து, சேதி பரிமாறிக்கொண்டுதான் நகர்வார்கள். அதற்கு டாகு என்று பெயர். கண்டது என்ன, கேட்டது என்ன? மழை எங்கே, புல் எங்கே? யார் பிறந்தது, யார் போனது? கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்ல வேண்டும். பொய் கூடாது. வற்றிய கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று ஒருவன் சொன்னால், அதை நம்பிப் போகிற ஒரு குடும்பமே செத்துப்போகும். களவாடுகிறவன்கூட டாகுவில் பொய் சொல்ல மாட்டான்.

மொமினா சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை, மறுநாள் வரவிருந்த வெள்ளைக்காரப் பயணிகளுக்குத் தடம் பார்த்து வைக்க அபே ஏரிக்கு கமில் தனியாகப் போனான். திரும்பவில்லை. தேடிப்போன ஹூமத் பார்த்தது கதவு திறந்தபடி நின்ற வண்டி. அதிலிருந்து ஏரியின் வெள்ளை உப்புப் படலத்தின் மேல் நடந்து போன காலடித் தடம். அறுபது அடி வரை தடம் இருந்தது. அதற்கப்புறம் இல்லை. கரையோரம் ஒற்றைச் செருப்பு. படலத்துக்கு அடியில் இருக்கும் சேறு ஆளை வாங்கினால் திருப்பித் தராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஹூமத் அந்தச் செருப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, மாமியார் ஹவா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். ஏற்கெனவே பழுதான இதயம். “என் பிள்ளையைப் பத்திக் கண்டது என்ன, கேட்டது என்ன?” என்று முறைப்படி கேட்டாள். ஹூமத் தரையைப் பார்த்தான்.

“எத்தியோப்பியா பக்கம் லாரி ஓட்டுற வேலை கிடைச்சிருக்காம் அத்தை. நல்லா இருக்காராம். வர்றப்போ வருவாராம்” என்றாள் மொமினா.

ஹவா அதைப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். பக்கத்து வீடு சந்தைக்குச் சொன்னது. சந்தையிலிருந்து உப்பு ஏற்றும் ஒட்டகக்காரர்கள் எடுத்துப்போனார்கள். பத்தே நாளில் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒருவன், “கமில் நல்லா இருக்கான்னு கேட்டேன்” என்று மொமினாவின் வாசலில் நின்றே சொன்னான். அவள் சொன்ன பொய் பாலைவனம் முழுக்கச் சுற்றி அவளிடமே திரும்பி வந்திருந்தது.

இரண்டு வருஷத்துக்கு மேல் எல்லோரும் ‘கேட்டேன்’ என்றுதான் சொன்னார்கள்.

இந்த வருஷம் மழைக்கு அப்புறம், ஒருவன் ‘கண்டேன்’ என்றான்.

முதலில் அபே ஏரிக்கரையில் கண்டார்கள். அப்புறம் அஸ் எய்லாவில். அப்புறம் டிக்கிலில். எப்போதும் வியாழக்கிழமை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில். போன வியாழன் கிராண்ட் பாராவில் ஒரு லாரிக்காரன் கண்டிருக்கிறான். இறங்கிக் கைபற்றி டாகு பேசியிருக்கிறான். அந்த நல்ல சேதியைச் சொல்ல இந்தத் திங்கட்கிழமை பல்பலாவுக்கே வந்துவிட்டான்.

“உங்க பிள்ளை வந்துக்கிட்டே இருக்கான்மா. அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துருவேன்னு சொல்லச் சொன்னான். கொஞ்சம் இளைச்சிருக்கான். மேலெல்லாம் வெள்ளையா உப்பு. குளிச்சாச் சரியாயிடும்.”

ஹவா அழுதாள். ஆஸ்யா குதித்தாள். லாரிக்காரன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். அவன் வலக்கை விரலிடுக்கில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. அது எரிந்து எரிந்து விரலைத் தொட்டது. தொட்ட பிறகும் எரிந்தது.

தோல் கருகும் வாடை வந்தது.

அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

மொமினாதான் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். லாரிக்காரன் குனிந்து தன் விரலை யாருடையதோ போலப் பார்த்தான். “போன வாரத்துலேருந்து மரத்துப்போய்க் கிடக்கு” என்றான். “அவன் கையைப் பிடிச்சேன்ல, அப்போலேருந்து. ஜில்லுன்னு இருந்துச்சு. இப்போ தோள் வரைக்கும் ஏறிடுச்சு.”

அன்று சாயங்காலம் முதல் ஆஸ்யா வாசலில் உட்கார ஆரம்பித்தாள். அப்பா தெருமுனையில் திரும்பியதும் ஓடிப்போய் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

அதனால்தான் இந்தப் பயணம். நாளைக்கு வியாழக்கிழமை. அதற்குள் ஏரிக்குப் போய், கமிலிடம் டாகு சொல்லிவிட வேண்டும். இந்த முறை உண்மையை. தான் பரப்பிய பொய்தான் அவனை வீட்டை நோக்கி நடத்துகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

“கூட்டிட்டு வரத்தானே போறீங்க?” என்று ஹவா கேட்டிருந்தாள். மொமினா தலையாட்டினாள். அதுவும் ஒரு பொய்தான்.

*

டிக்கிலில் வண்டியை நிறுத்தினார்கள். பேரீச்ச மரங்களும் தகரக் கூரைகளும் கொண்ட ஊர். கடைத்தெருவில் ஆடுகள் அட்டைப்பெட்டிகளைத் தின்றுகொண்டிருந்தன. மதினாவின் டீக்கடையில் கூட்டமில்லை. மதினா கமிலுக்கு ஒன்றுவிட்ட அக்கா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய்.

“வாடி ராணி! மூணு வருஷமா இந்தப் பக்கம் வழி மறந்துபோச்சா?” என்று கூவினாள். “ஏண்டா ஹூமத், இன்னும் பொண்ணு கிடைக்கலையா? இந்த வண்டிய ஓட்டுனா கழுதைகூடக் கட்டிக்காது.”

“நீங்க ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன் அக்கா.”

“பாத்தேன். உன் போட்டோவக் காட்டினதும் அவ எத்தியோப்பியாவுக்கு ஓடிட்டா.”

ஹூமத் நிஜமாகவே சிரித்தான். மதினா வலக்கையால் அடுப்பிலிருந்து கெட்டிலைத் தூக்கினாள். துணி எதுவும் பிடிக்காமல், கைப்பிடி உடைந்து போயிருந்த அந்தக் கொதிக்கும் கெட்டிலின் வயிற்றையே உள்ளங்கையால் பிடித்து டீயை ஊற்றினாள்.

ஏலக்காய் மணத்துக்கு நடுவே வேறொரு வாடையும் இருந்தது.

“அக்கா” என்றாள் மொமினா. “கை.”

மதினா கெட்டிலை வைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். கொப்புளங்கள் உடைந்து, காய்ந்து, அவற்றின் மேல் புதுக் கொப்புளங்கள் இருந்தன.

“ஒண்ணும் தெரியல” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. “ஒரு மாசம் ஆச்சு. இதோ, நீ உக்காந்திருக்கிற இடத்துலதான் உக்காந்தான். கையைப் பிடிச்சேன். எல்லாச் சேதியும் கேட்டான். உன்னைக் கேட்டான், பிள்ளையைக் கேட்டான். கிளம்புறப்போ கையை நீட்டினான். எனக்கு என்னமோ குடுக்கத் தோணல. உள்ள போயிட்டேன். வந்து பாத்தா ஆளக் காணோம். உக்காந்த இடம் ஈரம்.”

மொமினா தான் உட்கார்ந்திருந்த விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

“கையோட எங்க நின்னுச்சு? உள்ள ஏறிக்கிட்டே இருக்கு மொமினா.” மதினா தன் நெஞ்சைத் தொட்டாள். “நேத்து என் பேரன் விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்டான். ரத்தம் கொட்டுது. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஐயோன்னு கூட வரல எனக்கு.”

மொமினா டீயைக் குடித்தாள். கொதிக்கிறதா ஆறிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எந்தக் கையையும் பிடிக்காமலே அவள் மூன்று வருஷமாக அப்படித்தான் இருந்தாள்.

*

அஸ் எய்லாவைத் தாண்டியதும் சாலை முடிந்தது. அப்புறம் கல்லும் தூசியும்தான். உச்சிவேளைக்கு அபே ஏரியின் சுண்ணாம்புக் கோபுரங்கள் தெரிந்தன. தரையிலிருந்து முளைத்தாற்போல், ஆளுயரமும் பனையுயரமுமாக நூற்றுக்கணக்கில் நின்றன. சிலவற்றின் உச்சியிலிருந்து ஆவி வந்தது. காற்றில் அழுகிய முட்டை வாடை. வெந்நீர் ஊற்றுகள் எங்கோ கொதிக்கும் சத்தம், பெரிய பானை ஒன்று மூடிக்குக் கீழே முணுமுணுப்பது போலக் கேட்டது. தொலைவில் ஏரியின் ஓரம் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன.

மூன்று கோபுரங்கள் ஒட்டி நின்ற இடத்தில் ஹூமத் வண்டியை நிறுத்தினான். வண்டி அன்று நின்றிருந்ததும் அதே இடம்தான்.

“நானும் வரவா அண்ணி?”

“வேணாம். இன்ஜினை அணைக்காதே.”

மொமினா இறங்கிப் பின் கதவைத் திறந்தாள். அந்தச் செருப்பு ஒரு துணியில் சுற்றி உள்ளே இருந்தது. எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தத் தோன்றவில்லை. வெள்ளைப் படலம் தொடங்கும் இடம் வரை நடந்தாள். அதற்கு மேல் போகவில்லை. குந்தி உட்கார்ந்தாள். டாகுவுக்கு உட்காருவது போல.

காத்திருந்தாள்.

பூநாரைகளின் சத்தம் நின்றது.

பானையின் முணுமுணுப்பும் நின்றது.

ஏரியின் உள்ளிருந்து ஒரு ஆள் நடந்து வந்தான். வெயிலில் அவன் கால்கள் தரையில் படுகின்றனவா என்று தெரியவில்லை. கிட்டே வர வர, படலம் ஒவ்வொரு அடிக்கும் மெல்ல நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒரு காலில் செருப்பு. இன்னொன்று வெறுங்கால். முழங்கால் முதல் தலைமுடி வரை சாம்பல் வெள்ளையாகச் சேறு காய்ந்திருந்தது. கண்ணிமையில்கூட உப்பு.

அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். மூன்று முழ தூரம்.

“கண்டது என்ன?” என்றான் கமில். “கேட்டது என்ன?”

அதே குரல். கொஞ்சம் ஈரமாக இருந்தது.

மொமினா முறைப்படி ஆரம்பித்தாள். மழை அஸ் எய்லா வரை வந்தது, இங்கே வரவில்லை. புல் வடக்கே இருக்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. ஹூமத் வண்டியை இரண்டு தடவை மோதிவிட்டான்.

“ரெண்டே தடவதானா?” என்றான் கமில்.

அவள் நெஞ்சில் ஏதோ அசைந்தது. உடனே நின்றுவிட்டது.

“ஆஸ்யாவுக்கு முன்பல் ரெண்டு விழுந்து முளைச்சிடுச்சு. பள்ளிக்கூடத்துல கணக்குல முதல். உங்கள மாதிரியே ஓயாம பேசுறா. வாசல்ல உக்காந்திருக்கா.”

“தெரியும். நாளைக்கு வர்றேன்.”

“யார் போனதுன்னு நீங்க இன்னும் கேக்கல.”

கமில் அவளைப் பார்த்தான். இமையிலிருந்து ஒரு துளி உப்பு உதிர்ந்தது.

“யார் போனது?”

மொமினா துணியைப் பிரித்துச் செருப்பைத் தரையில் வைத்தாள்.

“கமில் போயிட்டார்” என்றாள். “மூணு வருஷம் ஆச்சு. இந்த ஏரியிலதான். நான் கண்டேன்னு சொல்ல முடியாது. அவர் தம்பி காலடித் தடத்தைக் கண்டான். வேலைக்குப் போயிருக்கார்னு நான் சொன்னது பொய். டாகுல நான் பொய் சொன்னேன். அவரை யாரும் அழல. அவருக்காக யாரும் தொழுகை நடத்தல. தப்பு என்னோடது.”

அவன் குனிந்து செருப்பைப் பார்த்தான்.

அப்புறம் மெதுவாகத் தலையாட்டினான். சேதியைப் பெற்றுக்கொண்டவன் ஆட்டுவது போல.

அந்தக் கணம் முதல் அவன் மங்கத் தொடங்கினான். கால்களுக்குப் பின்னால் ஏரி தெரிந்தது. அப்புறம் மார்புக்குப் பின்னால் பூநாரைகளின் கோடு. அவன் வலக்கை மட்டும் மங்கவில்லை. அது அவளை நோக்கி நீண்டது. பிரியும்போது நீட்டும் கை.

மதினாவின் கொப்புளங்கள் அவள் கண்முன் வந்தன. லாரிக்காரனின் விரல். தோள் வரை ஏறியது.

பின்னாலிருந்து ஹூமத் விடாமல் ஹாரனை அடித்தான். “அண்ணி! யார்கூடப் பேசுறீங்க? அங்க யாருமே இல்ல! வாங்க!”

மொமினா இரண்டு கைகளையும் சட்டென்று முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

நீட்டிய கையும் மங்கியது.

அவள் எழுந்தாள். செருப்பு இருந்த இடத்தில் இல்லை. பூநாரைகள் மறுபடியும் கத்தத் தொடங்கின. திரும்பி வண்டிக்கு நடந்தாள். திறந்து கிடந்த பின் கதவைச் சாத்தினாள். சாத்தும்போது கதவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனத்ததாகத் தோன்றியது. வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

*

“முடிஞ்சுதா அண்ணி?”

“சொல்லிட்டேன்.”

“அண்ணன் என்ன சொன்னாரு?”

“கேட்டுக்கிட்டார்.”

ஹூமத் ஓட்டிக்கொண்டே அழுதான். மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டான். “அம்மாகிட்ட நான் சொல்றேன். நீங்க சொல்ல வேணாம். இந்தத் தடவ நான் சொல்றேன்” என்றான். மொமினா அவன் தோளில் கை வைத்தாள். தன் கைக்கு அந்தத் தோள் தெரியவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

டிக்கிலைக் கடக்கும்போது மெல்லும் போதை இலையான காத் ஏற்றிய வண்டி வந்துபோயிருந்தது. ஊர் முழுக்க ஆண்கள் கன்னம் உப்பிய நிலையில் நிழலில் சாய்ந்திருந்தார்கள். மதினா கடை வாசலில் நின்று கையாட்டினாள். அப்புறம் ஆட்டுவதை நிறுத்தினாள். கை பாதியில் நின்றது.

“அக்காவுக்கு என்ன ஆச்சு?” என்றான் ஹூமத்.

“தெரியல. போ.”

அதற்கப்புறம்தான் வாடை வந்தது. முதலில் லேசாக. கந்தகமும் ஈரச் சேறும். ஹூமத் முன்னும் பின்னும் கண்ணாடிகளை இறக்கிவிட்டான். வாடை போகவில்லை.

“செருப்புல ஒட்டியிருக்கும்” என்றான்.

“இருக்கும்” என்றாள் மொமினா. கால்களைத் தூக்கிப் பார்த்தாள். காய்ந்த தூசிதான்.

கிராண்ட் பாரா வந்தபோது சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. கானல் தண்ணீர் நிற்கக்கூடாத நேரம். ஆனாலும் வெளியெங்கும் தண்ணீர் தெரிந்தது. சாலையின் இரண்டு பக்கமும்.

ஒரு ஒட்டகக்காரன் கையைத் தூக்கி வண்டியை மறித்தான். இரண்டு ஒட்டகம், பாய் மூட்டைகள், காதில் செல்போன் பாட்டுக் கம்பி. சின்ன வயசு. ஹூமத் நிறுத்தினான். டாகு கேட்பவனுக்கு நிற்காமல் போவது அவர்கள் யாராலும் முடியாத காரியம்.

“அட, போன் இருக்குறவன் எதுக்கு டாகு கேக்குறே?” என்றான் ஹூமத்.

“போன்ல பொய்தானே அண்ணே வருது” என்று சிரித்தபடி ஒட்டகக்காரன் கம்பியைக் கழற்றினான். ஹூமத்தின் கையைப் பற்றி உதட்டில் ஒற்றினான். மொமினாவைத் தலை தாழ்த்தி வணங்கினான். மழை, புல், அபே ஏரி, டிக்கில். ஹூமத் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ போட்டான்.

அப்புறம் ஒரு எட்டு பின்னால் வைத்து, பின் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டினான்.

“உங்க சேதி என்ன அண்ணே?” என்றான்.

ஹூமத்தின் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கின.

மொமினா திரும்பவில்லை.

ஒட்டகக்காரன் உள்ளே நீட்டிய கையை எடுத்து உதட்டில் ஒற்றினான். குனிந்து நின்று கேட்டான். “ம்” என்றான். கொஞ்சம் கழித்து மறுபடியும் “ம்.” பின்சீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒட்டகம் ஒன்று கனைத்தது. அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. பக்கத்து முள்மரத்தின் கிளையில் வலக்கையை ஊன்றிக்கொண்டான். ஒரு முள் உள்ளங்கையைத் துளைத்து மேல்பக்கம் வந்தது.

அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

“என்ன சொல்றார்?” மொமினாவின் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

“நீங்க சொன்ன சேதியெல்லாம் சரிதானாம் அக்கா.” அவன் முன் ஜன்னலுக்கு வந்தான். குரலில் உயிரில்லை. பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான். “பிரியிற கை மட்டும் இன்னும் அவருக்கு வரலையாம். அது வராம அவர் போக முடியாதாம். அதான் வீட்டுக்கு வர்றாராம்.”

ஹூமத் அடித்தொண்டையில் ஏதோ ஓதத் தொடங்கினான்.

“யார் குடுக்கணுமாம்?”

“வீட்டாள் யார் குடுத்தாலும் போதுமாம். வாசல்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்காம். ரெண்டு கையையும் குடுக்கும்னார்.”

அவன் தன் ஒட்டகங்களிடம் போனான். கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே போனது. விடைபெறவில்லை. எதையோ மறந்துபோனவன் போல ஒரு தடவை நின்று, மறுபடியும் நடந்தான்.

“அண்ணி” என்று ஹூமத் கிசுகிசுத்தான். “இறங்கி ஓடிடலாம்.”

“வண்டி அவரோடது ஹூமத். அவர் பாட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவார்.”

அதைக் கேலி போலத்தான் சொன்னாள். ஹூமத் சிரிக்கவில்லை. பல்பலாவின் முதல் விளக்குகளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சூரியன் மறைந்ததும் அவர்கள் கணக்குக்கு வியாழக்கிழமை பிறந்துவிடும். இந்நேரம் ஆஸ்யா முகம் கழுவி, எண்ணெய் தடவி, வாசலுக்கு வந்திருப்பாள்.

மொமினா தலைக்கு மேலிருந்த கண்ணாடியைச் சாய்த்துப் பின்னால் பார்த்தாள். பின்சீட்டு காலியாக இருந்தது. சீட்டின் ஓரத்தில் மட்டும் பள்ளமாக அமுங்கியிருந்தது, ஒரு ஆள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் அமுங்குவது போல. கீழே ரப்பர் விரிப்பில் ஒரு ஜோடிச் செருப்பு. இரண்டும் இருந்தன.

ஏழு வருஷம் தினமும் அவன் கேட்டான், உனக்கு என்ன வேணும் என்று. அவளுக்கு வேண்டியதெல்லாம் வேலைக்கு நடுவே, காரணமில்லாமல், அவன் தன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சும்மா இருப்பது. அதைக் கேட்கக் கூச்சம். கேட்டால் சிரிப்பானோ என்று கூச்சம். அந்த வியாழக்கிழமையும் மாவைத் துடைத்துவிட்டுக் கையைக் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

“வண்டிய நிறுத்தியே வை” என்றாள்.

“எதுக்கு?”

“அவர் இறங்கணும்.”

வலக்கையை முக்காட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். முக்காட்டின் முனையில் நன்றாகத் துடைத்தாள், மாவு இருப்பது போல, விரல் விரலாக. பிறகு திரும்பிப் பார்க்காமல், இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே அந்தக் கையைப் பின்னால் நீட்டினாள். உள்ளங்கை மேல்பக்கமாக.

ஈரமான குளிர் விரல் நுனிகளுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நின்றது. தொடவில்லை. கேட்பதற்காகக் காத்திருந்தது.

“எனக்கு ஒண்ணு வேணும்” என்றாள் மொமினா. “உங்க கையைக் குடுங்க.”